பறைக்குப் பகுதிநேரம், வயலினுக்கு முதுகலையா?

புதுவாயல் கூட்டுச்சாலையில் மாலை ஆறரை மணிக்கு நின்றிருப்பவர்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். கையில் டிபன் பாக்ஸ், கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கம். அப்படி இறங்கியவர்களில் ஒரு தம்பி போன மாதம் என்னைப் பார்த்துவிட்டு நின்றான். பி.ஏ. தமிழ் முடித்தவன். ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கிறான். காலனியில் பையன்களும் பெண்பிள்ளைகளுமாக 12 பேரைச் சேர்த்துப் பறைக்குழு நடத்துகிறான்.

“அக்கா, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். பறையில எம்.ஏ. இருக்குதாக்கா?”

“என்னப்பா திடீர்னு?”

“மேல படிக்கணும்னு ஆசக்கா. எனக்கு நல்லா தெரிஞ்சது இது ஒண்ணுதான். பிரவுசிங் சென்டர்ல கேட்டேன், சிரிச்சிட்டாங்க.”

சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்வியை இதுவரை நானே ஒருநாளும் கேட்டதில்லையே என்றுதான் உறைத்தது. தமிழில் முதுகலை படித்தவள், மேடைக்கு மேடை பறை எங்கள் பெருமை என்று பேசுகிறவள். பறையில் எம்.ஏ. உண்டா என்று கேட்டால் பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்ததை அவனுக்கு மட்டும் சொல்லாமல் எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முன்னால் நிற்பவன் செய்யும் வேலை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஒத்திகைக்குப் போனேன். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக் கொண்டிருந்தார்கள். பறை எளிய கருவிதான். மரச்சட்டம், அதன்மேல் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல். இடது கையில் மெல்லிய நீளமான சிம்புக்குச்சி, வலது கையில் தடித்த குட்டையான அடிக்குச்சி. தோல் இறுக இறுகச் சத்தம் கூர்மையாகும். எந்தப் பறை போதும், எந்தப் பறைக்கு இன்னும் சூடு வேண்டும் என்று தட்டிப் பார்த்துக் காதால் சொல்கிறான் அந்தத் தம்பி. பன்னிரண்டு பறையும் ஒரே குரலில் பேச வேண்டும். முதல் வேலை அதுதான்.

பிறகு ஆட்டம் தொடங்கியது. அவன் ஓர் அடியைத் தனியாக எடுத்துக் கொடுக்கிறான். மற்றவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அவன் குச்சியை உயர்த்தினால் அடி மாறுகிறது. உடம்பைத் தாழ்த்தினால் சத்தம் தாழ்கிறது. நடுவில் ஒரு பெண்பிள்ளை வேகம் கூட்டிவிட்டாள். அவன் நிறுத்தவில்லை, திட்டவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்று வெறும் ஒற்றையடியை அழுத்தமாக அடித்தான். நான்கு சுற்றில் அவள் தாளத்துக்குள் வந்துவிட்டாள். இவன் தன் இடத்துக்குத் திரும்பினான். புதிதாக வந்தவர்களை, பழகிய இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்துகிறான். அடிகளை வாயால் சொல்லிக் கொடுக்கிறான். அதையே சபாவில் செய்தால் சொற்கட்டு, கொன்னக்கோல் என்று மரியாதையான பெயர் கிடைக்கும்.

ஊர்வலத்தில் அவன் வேலை இன்னும் கடினம். குழுவைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்க வேண்டும். பின்னால் லாரி வருகிறதா என்று பார்க்க வேண்டும். நடப்பவர்களின் கால் வேகத்துக்கு ஏற்ப அடியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். களைத்தவனுக்கு ஓய்வு கொடுத்து, அந்த இடத்தை இன்னொருவனால் நிரப்ப வேண்டும்.

இந்த வேலைக்கு மேற்கத்திய இசையில் ஒரு பெயர் இருக்கிறது: கண்டக்டிங். செய்பவர் கண்டக்டர். நமக்குக் கண்டக்டர் என்றால் பஸ் கண்டக்டர்தான். ஆனால் உலகத்தின் பெரிய இசைக் கல்லூரிகளில் இது தனி முதுகலைப் பட்டம். 60, 70 பேர் உட்கார்ந்து வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவின் முன்னால் சிறு கோலோடு நிற்பவர் எந்தக் கருவியையும் வாசிப்பதில்லை. யார் எப்போது நுழைவது, எவ்வளவு சத்தம், எங்கே நிறுத்தம் என்பதை அவர் கை சொல்கிறது. ஒத்திகையை எப்படித் திட்டமிடுவது, தப்பை எந்த இடத்தில் திருத்துவது, தெரியாதவர்களைக் கூட்டி எப்படிக் குழுவாக்குவது என்பதையெல்லாம் வகுப்பில் வைத்துச் சொல்லித் தருகிறார்கள். தேர்வு என்பது பெரும்பாலும் மேடையில்தான். குழுவை முன்னால் நின்று நடத்திக் காட்ட வேண்டும்.

நம் பகுதியில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வரும் பேண்ட் செட்டில் பேண்ட் மாஸ்டர் செய்வதும் இதே வேலைதான். டிரம்பெட், கிளாரினெட், சைடு டிரம் என்று தனித்தனிக் கருவிகளைக் காதாலேயே கட்டி மேய்ப்பவர். ஆடியில் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்கு வேப்பிலை கட்டி வரும் கூட்டத்தோடு பம்பை உடுக்கை அடித்துப் போகும் குழுக்களிலும் ஒரு தலைவர் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் நம் சேரிகளிலிருந்து வந்தவர்கள். இவர்கள் கையில் வேலை இருக்கிறது, தலையில் அறிவு இருக்கிறது. அந்த அறிவுக்குச் சான்றிதழ் மட்டும் இல்லை.

அயர்லாந்துக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

“அது வெள்ளைக்காரன் இசை, அதற்குப் பட்டம் இருக்கும். நாட்டுப்புற இசைக்கு யார் பட்டம் கொடுப்பார்கள்?” என்று கேட்கலாம். கொடுக்கிறார்கள். அயர்லாந்தில் லிமெரிக் பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் மரபிசையை வாசிப்பதற்கென்றே ஒரு எம்.ஏ. இருக்கிறது. கிராமத்துச் சாராயக் கடையிலும் கல்யாண வீட்டிலும் வாசிக்கப்பட்ட இசைதான் அது. அதே இடத்தில் சமூக இசைக்கு இன்னொரு எம்.ஏ. இருக்கிறது. முதியோர் இல்லத்தில், சிறையில், அகதிகள் நடுவில், குடியிருப்புகளில் எப்படி இசைக்குழு கட்டுவது என்பதுதான் அதன் பாடம். பின்லாந்தில் ஹெல்சின்கியில் உள்ள சிபெலியஸ் அகாடமி 1983-இல் நாட்டுப்புற இசைக்குத் தனித்துறை தொடங்கியது. அங்கே கச்சேரிகளையே ஆய்வாக வைத்து முனைவர் பட்டம் வரை போகலாம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கவிஞர் வள்ளத்தோள் 1930-இல் தொடங்கிய கேரள கலாமண்டலம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கே செண்டை ஒரு பாடம், மத்தளம் ஒரு பாடம். செண்டை மேளத்தில் நூற்றுக்கணக்கானோரை முன்னால் நின்று நடத்துபவரைப் பிரமாணி என்பார்கள். ஊரே அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும். கேரளத்திலும் கோயில் மேளத்துக்குள் யார் நுழையலாம் என்ற சாதிக் கணக்கு உண்டு. அதை நாம் மறக்க வேண்டாம். ஆனால் தோல்கருவி அடிப்பவர் பல்கலைக்கழகத்துக்குள் ஆசிரியராகப் போக முடியும் என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஏழு பாடங்கள்: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். இந்த ஏழில் பறை இல்லை. சென்னையில் 1949-இல் தொடங்கிய அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. 2013-இல் இசைக்கும் கவின்கலைகளுக்கும் என்று தனிப் பல்கலைக்கழகமே வந்தது. மாநில முதலமைச்சரே அதன் வேந்தர். மற்றப் பல்கலைக்கழகங்களில் ஆளுநர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பார்களே, அந்தச் சாக்கும் இங்கே இல்லை. அரசு நினைத்தால் செய்யலாம்.

2023-24 பட்ஜெட்டில் நாட்டுப்புறக் கலைகளுக்கு 25 இடங்களில் பகுதிநேரப் பயிற்சி மையங்கள் அறிவிக்கப்பட்டன. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள்: பகுதிநேரம். வயலின் கற்கும் பிள்ளை இசைப் பள்ளியில் தொடங்கி, கல்லூரி போய், முதுகலை முடித்து, முனைவராகி, பேராசிரியராக நாற்காலியில் உட்காரலாம். அதற்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. பறை கற்கும் பிள்ளைக்கு இருப்பது ஒரு திண்ணை. மாலையில் வந்து உட்காரலாம், எழுந்து போகலாம், மேலே ஏற வழியில்லை.

நாட்டார் வழக்காற்றியல் துறைகள் இருக்கின்றனவே என்பார்கள். அந்தத் துறைகள் செய்த பணி பெரியது. ஆனால் அங்கே போகிறவர் பறையைப் பற்றி எழுதப் போகிறார். பறை அடிப்பவர் அங்கே தகவலாளி. பட்டம் எழுதியவருக்கு, பின்னிணைப்பில் புகைப்படம் அடித்தவருக்கு. இந்த ஏற்பாடு இனியும் போதாது.

இலக்கியத்தில் இருப்பது வகுப்பில் ஏன் இல்லை?

நான் முதுகலை படித்தபோது சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை பாடமாக இருந்தது. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்னென்ன தகுதி வேண்டும் என்று இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். அதைவிட முக்கியம், கருவிகள் சேரும் ஒழுங்கு. குழலைப் பின்பற்றி யாழ், யாழைப் பின்பற்றித் தண்ணுமை, அதன் பின்னே முழவு, அதோடு கூடி ஆமந்திரிகை. யார் யாருக்குப் பின்னால் வர வேண்டும் என்ற குழு இலக்கணம் அது. எங்கள் ஆசிரியர் அதை உருகி உருகி நடத்தினார். பண்டைத் தமிழரின் பெருமை என்றார். அன்று மாலை விடுதிக்குப் பின்னால் ஒரு சாவு ஊர்வலத்தில் பறை கேட்டது. அதே ஆசிரியர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். வகுப்பில் நான் ஒருத்திதான் அந்தத் தெருவிலிருந்து வந்தவள். அன்று வாயைத் திறக்கவில்லை.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் சொல்லும்போது யாழோடு பறையையும் சேர்த்தே சொல்கிறார். புறநானூற்றில் மாங்குடி கிழார் துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் விட்டால் வேறு குடியே இல்லை என்று பாடுகிறார். 1917-இல் ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரம் என்ற பெரும் நூலை எழுதித் தமிழிசையின் வேரைக் காட்டினார். 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்து தமிழ்ப் பாட்டை மேடையேற்றியது. எல்லாம் சரி. ஆனால் அந்த இயக்கம் மேடைக்கு அழைத்துப் போனது மொழியைத்தான். சேரியின் கருவி அப்போதும் வாசலுக்கு வெளியேதான் நின்றது. தமிழ் உள்ளே போனது, பறை உள்ளே போகவில்லை.

“மறுபடியும் பறையா?”

இங்கே நம் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு குரல் வரும். அந்தத் தம்பியின் அப்பா என்னிடம் நேராகவே கேட்டார். “எங்கப்பன் அடிச்சான், நான் அடிச்சேன். ஊருக்குள்ள எவன் செத்தாலும் கூப்ட்டனுப்புவான். போவலன்னா வம்பு. இவனாவது படிச்சி வெளிய போவட்டும்னு பார்த்தா, நீங்க எம்.ஏ. வரிக்கும் அதையே அடிக்கச் சொல்றீங்களேம்மா?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. சாவுக்குப் பறையடிப்பது நம்மில் பலருக்குக் கலையாக இருந்ததில்லை. கூலியும் கொடுக்காமல், மறுத்தால் ஊர் விலக்கு என்று மிரட்டிச் செய்ய வைத்த அடிமை வேலை அது. இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அவர்கள் கீழே வைத்ததும் ஒரு போராட்டம்தான். அதை மறந்துவிட்டு, பறை எங்கள் அடையாளம் என்று பாட்டுப் பாடுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் அண்ணல் அம்பேத்கரின் வழியைப் பாருங்கள். மகர் மக்களைக் கிராமத்தின் கூலியில்லாச் சேவகர்களாகக் கட்டிப்போட்டிருந்த வதன் முறையை ஒழிக்க 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் அவர். அந்த அடிமை வேலையை விடச் சொன்னார். அதே காலத்தில் அவர் இயக்கத்தைச் சுற்றி ஜல்சா குழுக்கள் பிறந்தன. பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் மக்களின் பழைய பாட்டையும் வாத்தியத்தையும் எடுத்து, புதிய செய்தியோடு ஊர் ஊராகப் போனார்கள். கட்டாயம் போனது, இசை தங்கியது.

நான் அந்த அப்பாவிடம் சொன்னதும் இதுதான். பறையைக் கீழே வைக்கும் உரிமை நம்முடையது. விரும்பி எடுக்கும் உரிமையும் நம்முடையது. ஊர் மிரட்டி அடிக்க வைத்தால் அது குற்றம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளை தானாக விரும்பி அதைக் கல்வியாக எடுத்தால் அதற்குப் பட்டமும் சம்பளமும் வேண்டும். இரண்டும் எதிரெதிர் அல்ல. சேரிப் பிள்ளை பறைதான் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. வயலினும் அவளுக்கு உரியது, பியானோவும் உரியது, நூறு பேர் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கோலும் உரியது. அதுபோலப் பறை வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார வேண்டும். எல்லாரும் தொட்ட பிறகுதான் அந்தத் தோலின் மேல் ஒட்டவைத்த தீட்டு உதிரும்.

பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சி மேடைகளில் வாசித்துத்தான் குழு என்றால் என்ன என்று கற்றார். பின்பு தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படித்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவர் எழுதிய சிம்பொனியை வாசித்தது. ஊர் மேடைக்கும் லண்டன் மேடைக்கும் நடுவில் முறையான படிப்பு என்ற பாலம் இருந்தது. அவர் அதைத் தன் சொந்த முயற்சியில் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளையும் இளையராஜாவாக இருந்தால்தான் மேலே வர முடியும் என்றால், அரசும் பல்கலைக்கழகமும் எதற்கு?

வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள்

இது புதுக் கனவு இல்லை. கே.ஏ.குணசேகரனை நினைத்துப் பாருங்கள். தமிழ் படித்தவர், ‘தன்னானே’ கலைக்குழு நடத்தியவர், இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன குரல். அவரே புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பேராசிரியர், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். பட்ட வடுக்களை ‘வடு’ என்று தன்வரலாறாக எழுதினார். 2016-இல் மறைந்தார். குழுவும் பேராசிரியர் நாற்காலியும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு கிராமத்து மெட்டில் விடுதலைப் பாட்டுக் கட்டி மாணவர்களைக் கூட்டமாகப் பாட வைத்தார். அவரிடம் கற்க வந்த அமெரிக்க ஆய்வாளர் சோயி ஷெரினியன் 2014-இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 2011-இல் பறைக் கலைஞர்களைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார். நம் பறை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பாடப்பொருளாகிவிட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் சகோதரி சந்திரா தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தார். பெண் தொடக்கூடாது என்ற பேச்சும் அங்கே உடைந்தது. 2018 ஜனவரியில் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை மேடையேற்றினார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். கானாவும் பறையும் கிடாரும் ஒரே மேடையில் நின்றன. 2025-இல் மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

நாட்டின் உயர்ந்த விருது ஒரு பறை ஆசானுக்குக் கிடைக்கிறது. ஆனால் அவரைப் போன்ற ஓர் ஆசானை நிரந்தரப் பேராசிரியராக்க விதி இடம் கொடுக்கிறதா? நெட் தேர்வு எங்கே, முனைவர் பட்டம் எங்கே என்று கேட்பார்கள். இதற்கும் பாதி வழி திறந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்ற பணிக்கு நெறிமுறை வெளியிட்டது. துறையில் 15 ஆண்டு அனுபவம் இருந்தால் போதும், பட்டம் கட்டாயமில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கையில் 10 விழுக்காடு வரை இப்படி நியமிக்கலாம். நுண்கலையும் அந்தப் பட்டியலில் உண்டு. 2023-இல் கல்லூரிகளில் கலைஞர்களைத் தங்கவைத்துக் கற்பிக்கவும் நெறிமுறை வந்தது. தற்காலிகப் பணிதான் என்பது குறை. ஆனாலும் கதவு இருக்கிறது. தட்டுவதற்குத்தான் ஆளில்லை.

பணத்தின் கதை இன்னொன்று. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்க ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. 2022-இல் அதன் விதிகளைத் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இனி உதவி கிடையாது என்றார்கள். அதாவது, பறையைப் பற்றி ஓர் அமெரிக்கர் அங்கே ஆய்வு செய்யலாம். பறை அடிக்கும் வீட்டுப் பிள்ளை அதே ஆய்வுக்கு அந்த உதவித்தொகையில் போக முடியாது. இதைவிட அநியாயம் வேண்டுமா?

படித்தால் வேலை கிடைக்குமா?

கிராமத்து மாணவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான், கேட்க வேண்டியதும்தான். அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. லட்சக்கணக்கான பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். அவர்களுக்குக் குழு நடனமும் குழு இசையும் சொல்லித் தருவது யார்? கணக்கு வாத்தியாரும் பி.டி. சாரும்தான், யூடியூப் பார்த்து. பள்ளிக்கு ஓர் இசைக்குழு ஆசிரியர் என்று பணியிடம் உருவாக்கினால் இந்தப் பட்டத்துக்கு வேலை தானாக வரும். பொங்கலுக்குச் சென்னை சங்கமத்தில் நான்கு நாள் கலைஞர்களை அழைத்து ஆடவிட்டுக் கைதட்டி அனுப்பும் அரசு, மீதி 361 நாளும் அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறது?

நம் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்வோம்.

ஒன்று, மாவட்ட இசைப் பள்ளிகளின் ஏழு பாடங்களோடு எட்டாவதாகப் பறை சேர வேண்டும். அடிப்படை இல்லாமல் முதுகலை நிற்காது.

இரண்டு, இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தில் பறையும் குழு நடத்துதலும் சமூக இசையும் சேர்ந்த முழுநேர முதுகலைப் பட்டம் வேண்டும். பறை, பம்பை, உடுக்கை, பேண்ட் இசை, கானா எல்லாம் அதில் பாடமாக வேண்டும். இசைக்குறியீடு, மேற்கத்திய கண்டக்டிங், ஒலிப்பதிவு, கணக்கு வழக்கு, ஒப்பந்தம் போடுவது ஆகியவையும் சேர வேண்டும். இறுதித் தேர்வு காகிதத்தில் மட்டும் இல்லாமல், ஒரு காலனியில் புதிய குழுவைக் கட்டி மேடையேற்றுவதாக இருக்க வேண்டும்.

மூன்று, கற்பிக்கும் ஆசான்கள் அந்தத் தெருக்களிலிருந்தே வர வேண்டும். அவர்கள் அனுபவத்தைப் பட்டத்துக்கு ஈடாக ஏற்று, பிறகு நிரந்தரமாக்க வேண்டும். நம் அறிவை வாங்கிக்கொண்டு நம்மை வாசலில் நிறுத்தும் துறை நமக்கு வேண்டாம்.

நான்கு, வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு வேண்டும். புதுவாயல் தம்பி கவரைப்பேட்டையில் ரயில் ஏறி, மூர் மார்க்கெட்டில் இறங்கி, பறக்கும் ரயில் பிடித்து கிரீன்வேஸ் ரோடு போய்ச் சேரவே அரை நாள் போய்விடும். சிப்காட் பகுதியிலேயே ஒரு மையம் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஐந்து, ஒன்றிய அரசு 2022 விதியைத் திரும்பப் பெற வேண்டும். மாநில அரசின் அயலக உயர்கல்வி உதவி இசை படிக்கப் போகும் பிள்ளைக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, அரசு செய்யும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி என்று அவர்கள் கையில் இருப்பதை போனில் பதிவு செய்யுங்கள். சொற்கட்டை நோட்டில் எழுதுங்கள். அடித்தவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் கட்டாயம் எழுதுங்கள். நாளைக்குப் பல்கலைக்கழகம் பாடத்திட்டம் எங்கே என்று கேட்டால், எடுத்துக் காட்ட அந்த நோட்டு வேண்டும். குழுவில் உள்ளவர்களை நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். இளங்கலை முடித்தவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை விட்டுவிடாதீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் அது உங்கள் உரிமை.

போன வாரம் அந்தத் தம்பியைப் பார்த்தேன். “என்னக்கா, இருக்குதா?” என்றான். நீ கேட்கிற மாதிரி ஒன்று இன்னும் இல்லையப்பா, கேட்டு வாங்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, “அப்ப மனு எழுதலாமாக்கா? பன்னெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்” என்றான். எழுதினோம். முதல் கையெழுத்து அவனுடையது. இரண்டாவது கையெழுத்துக்கு அவன் அப்பா பேனாவை வாங்கினார்.